எட்டாம் அத்தியாயம்: ‘கஸின்’ என்னும் சொல்லும் நம் முறைகளும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கையில், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதிய அம்மையார் ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்த கடிதம் ஒன்றுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது, அம்மையார் இந்தப் பங்கிலும் அவருடைய தம்பி அந்தப் பங்கிலுமாக விழுந்து, தம்பி தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போய்விட்டார். அந்தத் தம்பியின் மகன் வயிற்றுப் பேரன், ஆங்கிலப் பள்ளியிலே படித்துத் தமிழ் எழுத்துக் கைவராமற்போன பிள்ளை, ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தான். தேர் பார்க்கத் தன்னுடைய ‘கஸின்’ ஒருவர் வருவதாகவும், இரண்டு நாள் தங்க இடம் தரவேண்டும் என்பதுமே கடிதத்தின் சாரம்.

படித்துச் சொன்னேன். அம்மையார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்று கேட்டார்.

“அது தெரியவில்லை, அம்மா.”

“சரி, யாரு வழியில? என்ன மொற வேணும்?”

“அதுவும் எழுதவில்லை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஆங்கிலத்தின்மேல் அவருக்கு அதுவரை இருந்த மதிப்பு அந்த ஒரு க்ஷணத்திலே பாதியாகக் குறைந்துவிட்டதென்பதை நான் கண்கூடாக அறிந்தேன். ஆயினும் குற்றம் என்னுடையதன்று, எழுதியவனுடையதுமன்று. அந்தச் சொல்லுக்குள் அவ்வளவுதான் இருக்கிறது.

ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கிச் சொல்லவும், தமிழர் விஷயங்களை ஆங்கிலப் பாரங்களில் நிரப்பவும் கற்கும் வாசகர், உறவுச் சொற்களுக்குள் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டியது இந்தக் ‘கஸின்’ ஒன்றையே என்பது என் அபிப்பிராயம். பெற்றோருடன் பிறந்தவர் எவரோ, அவர்தம் மக்கள் யாவரும் ஆங்கிலேயனுக்குக் ‘கஸின்’. பெரியப்பா மகன், சித்தப்பா மகள், பெரியம்மா மகள், சின்னம்மா மகன், மாமன் மகள், அத்தை மகன் என்று நாம் பிரித்துப் பிரித்து வைத்திருக்கும் அத்தனை பேரையும், ஆணென்றும் பெண்ணென்றும் மூத்தவரென்றும் இளையவரென்றும்கூடப் பாராமல், ஒரே சாக்கிலிட்டுக் கட்டிவிடுகிற சொல் அது.

நம்முடைய முறைமையோ ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி எழுந்தது. தந்தையும் தந்தையும் உடன்பிறந்தாராயினும், தாயும் தாயும் உடன்பிறந்தாராயினும், பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, பங்காளி முறை. ஒருவருடைய தந்தையும் மற்றவருடைய தாயும் உடன்பிறந்தாராயின், பிள்ளைகள் மச்சான், மச்சாள், முறைப்பெண், முறைமாப்பிள்ளை, சம்பந்த முறை. முதல் வகையில் விவாகம் என்ற பேச்சை எடுப்பதே பாதகம். இரண்டாம் வகையில் விவாகம் பேசாமல் விட்டால் அதுவே மனஸ்தாபத்துக்குக் காரணம். ஒரு மனிதன் வாசலில் வந்து நிற்கும்போது, அவனைக் கேலி செய்து சிரிக்கலாமா, அடக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டுமா என்று வீட்டுப் பெண்பிள்ளைக்குத் தெரிவிப்பது இந்த முறைதான். ‘கஸின்’ என்னும் சொல் இந்த இடத்திலே மௌனம் சாதிக்கிறது.

அம்மையாரின் சங்கடத்தைச் சற்றே விரித்துச் சொன்னால் இது விளங்கும். அவர் வீட்டில் மகன் வயிற்றுப் பேத்தி ஒருத்தி, விவாக வயதில் இருந்தாள். வரப்போகிறவர், கடிதம் எழுதிய பிள்ளையின் பெரியப்பா அல்லது சித்தப்பா மகனாயிருந்தால், அவனுடைய தகப்பனார் அம்மையாருக்கு மருமகன் முறை, அம்மையாரின் மகனுக்கு மாமன் மகனாகிய மச்சான், பேத்திக்கு மாமா. ஆகவே வருகிற பையன் பேத்திக்கு அசல் முறைமாப்பிள்ளை. அவ்வாறின்றி, கடிதம் எழுதியவனின் அத்தை மகனாயிருந்தால், அந்த அத்தை அம்மையாரின் மகனுக்கு மாமன் மகளாகிய மச்சாள், அதாவது கட்டிக்கொள்ளும் முறைக்காரி. தகப்பன் கட்டியிருக்கக்கூடியவள் மகளுக்குச் சின்னம்மா. அவள் வயிற்றுப் பிள்ளை பேத்திக்கு அண்ணன். ஒரே தாத்தாவின் இரு பேரன்மாரில், மகன் வழி வந்தவன் மாப்பிள்ளை, மகள் வழி வந்தவன் உடன்பிறப்பு! தாய் வழிக் ‘கஸின்’ என்றாலோ அம்மையாருக்கு இரத்த சம்பந்தமே இல்லாதவனாகவும் இருக்கலாம். லயத்தில் ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் உடைய குடும்பத்துக்கு, பாயை எங்கே விரிப்பது என்பதுகூட இந்த விடையைப் பொறுத்த விஷயம்.

ஆகவே, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது முதலாவது விதி, அறியாத முறையை அறிந்தவன்போல எழுதிவிடாதிருத்தல். ‘கஸின்’ என்பதைக் கண்டவுடன் ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ என்று எழுதி முடிப்பது நம் மொழிபெயர்ப்பாளரிடம் பரவிவிட்ட துர்ப்பழக்கம். அது சரியாயிருப்பதும் தப்பாயிருப்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததே. மாமன் மகளைச் சகோதரி என்று எழுதிவிட்டால், நடக்கவேண்டிய கலியாணம் ஒன்று காகிதத்திலேயே முறிந்துபோகும். எழுதியவரைக் கேட்க முடியுமானால், அவருடைய பெற்றோரில் யார், இவருடைய பெற்றோரில் யார், அவ்விருவரும் உடன்பிறந்தாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளல் வேண்டும். கேட்க வழியில்லாவிடில், ‘உறவுக்காரர் ஒருவர்’ என்றோ ‘சொந்தத்துப் பிள்ளை’ என்றோ பொதுவாய்ச் சொல்லி நிறுத்துவதே நேர்மை. சில சமயம் கடிதமே உளவு சொல்லும்: இருவருடைய தகப்பன்மாருக்கும் தாத்தாவின் பெயரே முதலெழுத்தாக நின்றால் பெரும்பாலும் பங்காளி என்று ஊகிக்கலாம். ஆயினும் ஊகம் ஊகமே.

இங்கே சிறிது பழங்கதை பேசுவதை வாசகர் பொறுத்தருள வேண்டும். ஐரோப்பியரும் ஆதியிலிருந்தே இப்படிச் சாக்கில் கட்டியவர்களல்லர். ‘கஸின்’ என்பது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். அதன் மூலமாகிய ‘கான்ஸோப்ரினுஸ்’ என்பதற்குப் பூர்வ அர்த்தம் தாயின் உடன்பிறந்தாள் பெற்ற பிள்ளை என்பதே. அதாவது நம் பெரியம்மா, சின்னம்மா பிள்ளை. தந்தையின் சகோதரன் பிள்ளைக்கும், அத்தை பிள்ளைக்கும் லத்தீனிலே வேறு வேறு சொற்கள் இருந்தன. இன்னும் வேடிக்கை என்னவென்றால், ‘அங்கிள்’ என்பதன் மூலமாகிய ‘அவுங்குலுஸ்’ தாய்மாமனை மட்டுமே குறித்தது. ‘ஆன்ட்’ என்பதன் மூலமாகிய ‘அமிட்டா’ அத்தையை மட்டுமே குறித்தது. பிறப்பினாலே பார்த்தால் அங்கிளும் ஆன்டியும் நம் மாமனும் அத்தையுமேயன்றி வேறல்லர்! பழைய ஆங்கிலத்திலும் தந்தையின் சகோதரனுக்கு ஒரு சொல்லும் தாயின் சகோதரனுக்கு மற்றொரு சொல்லும் வழங்கின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குடியேற, அந்தப் பழைய சொற்கள் மெல்ல மெல்ல வழக்கிறந்தன. இன்று நகரத்துப் பிள்ளைகள், முச்சக்கர வண்டி ஓட்டுபவரையும் பல் வைத்தியரையும் ஒரே மூச்சில் அங்கிள் என்கின்றன. அவ்விருவரில் எவருக்கும் சீர் செய்யும் கடமை இல்லை என்பதால் அது போகட்டும்.

நம்முடைய முறையைக் கண்டு முதன்முதலில் வியந்து எழுதிய மேனாட்டாருள் லூயிஸ் ஹென்றி மோர்கன் என்பவர் பிரதானமானவர். அமெரிக்காவில் வழக்கறிஞராயிருந்த அவர், தம் ஊருக்கு அருகே வாழ்ந்த செவ்விந்தியராகிய இரோகுவா மக்களின் உறவுச் சொற்களைத் திரட்டி, ஸ்கடர் குடும்பத்து மிஷனரிமார் மூலம் தமிழ்ச் சொற்களையும் பெற்று ஒப்பிட்டபோது, தந்தையின் சகோதரனைத் தந்தை என்பதும், அவன் மக்களைச் சகோதரர் என்பதுமாகிய ஒழுங்கு இரு மக்களிடமும் ஒன்றாக இருக்கக் கண்டு, 1871இல் வெளியிட்ட பெருநூலிலே அதனை விரித்தெழுதினார். செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு அதை ஒரு சாட்சியாகவும் அவர் கொண்டார். அந்த வாதத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனால் மாமன் மச்சான் என்னும் நம் சொற்களை உலகத்துப் பண்டிதர் மேசையில் வைத்தவர் அவரே.

ஒரே ஆங்கிலச் சொல்லின் கீழ் எவ்வளவு வேறுபட்ட உறவுகள் மறைந்து கிடக்கின்றன என்பதற்கு, எல்லோரும் அறிந்த பெரியோர் சிலரை நம் கண்ணால் ஒரு தரம் பார்த்தல் நல்லது. சார்ல்ஸ் டார்வின் 1839இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார்; ‘கஸினை’ மணந்தார் என்று ஆங்கில நூல்கள் சொல்லும். எம்மாவின் தந்தை டார்வினுடைய தாயின் உடன்பிறந்தார். ஆகவே அவர் மணந்தது சாக்ஷாத் மாமன் மகளை. நம் ஊர்ப் பெரியவர் எவரும் தாம்பூலம் மாற்ற முன்வந்திருப்பர். மறு ஆண்டில் விக்டோரியா மகாராணி மணந்த ஆல்பர்ட் அவருக்கு மாமன் மகன். அதுவும் சரியே. ஆனால் 1919இல் ஐன்ஸ்டைன் மணந்த எல்ஸாவும் ‘கஸின்’தான், அவர்களுடைய தாய்மார் இருவரும் உடன்பிறந்த சகோதரிகள். சார்பியலைக் கண்டறிந்த மேதை நம் கணக்கில் தங்கை அல்லது அக்காள் முறையைக் கட்டினார் என்று ஆகிறது. 1914இல் யுத்தம் மூண்டபோது, இங்கிலாந்தின் ஐந்தாம் ஜோர்ஜ், ஜெர்மனியின் வில்ஹெல்ம், ருஷியாவின் நிக்கொலாஸ் ஆகிய மூவேந்தரும் ‘கஸின்’மார் என்பது சரித்திரப் பிரசித்தம். ஜோர்ஜுக்கு நிக்கொலாஸ் சின்னம்மா மகன், எனவே தம்பி. வில்ஹெல்ம் அத்தை மகன், எனவே மச்சான். தம்பியோடு சேர்ந்துகொண்டு மச்சானோடு சண்டைக்குப் போனார் என்று சொன்னால், பத்துப் பக்கம் படித்து அறியாத ஏதோ ஒன்று தமிழ் வாசகனுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

மாத்தளையில் வாழ்பவருக்கு இவ்விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அடுத்த வீட்டுச் சிங்களவரும் நம் கணக்கையே கணக்காகக் கொண்டவர்: சித்தப்பா, பெரியப்பா மக்களை அவர்கள் அய்யா, மல்லி, அக்கா, நங்கி என்பர், மாமன், அத்தை மக்களை மஸ்ஸினா என்றும் நேனா என்றும் வேறு பிரித்துச் சொல்வர். எனவே ஆங்கிலக் கடிதம் புரியாத இடத்தில், சிங்களத்தில் கேட்டுத் தெளிவு பெற்ற சந்தர்ப்பங்களும் எனக்கு உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் அன்பர்களும் சாச்சா பிள்ளை, மாமி பிள்ளை, மச்சான் என்று பிரித்தே பேசுவர். ஆனால் இஸ்லாமிய சட்டம் சாச்சா பிள்ளையோடும் விவாகத்தை அனுமதிப்பதால், அவர்களுடைய கடிதத்தை மொழிபெயர்ப்பவர் நம் விலக்கை அங்கே ஏற்றிப் பார்த்தல் ஆகாது.

‘மச்சான்’ என்னும் சொல்லிலும் சற்று நிதானம் வேண்டும். அது மாமன் மகனையும் குறிக்கும், மனைவியின் சகோதரனையும் குறிக்கும், அக்காள் கணவனையும் குறிக்கும். இவற்றில் முதலாவது மட்டுமே ‘கஸின்’, ஏனைய இரண்டும் ‘பிரதர்-இன்-லோ’. இவை யாவும் அன்றி, பஸ் நிலையத்தில் நிற்கும் இளைஞன் எவனும் எவனையும் மச்சான் என்பான், அது தோழமை.

இனித் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழி. சாதாரணப் பேச்சிலே ஆங்கிலம் பேசும் ஒருவரிடம் உறவினரை அறிமுகம் செய்யும்போது, ‘மை கஸின்’ என்பதோடு நிறுத்துவதே அழகு. அவர் கேளாத வம்சாவளியை அவர் தலையில் சுமத்த வேண்டியதில்லை. ‘கஸின் பிரதர்’, ‘கஸின் சிஸ்டர்’ என்னும் வழக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வேரூன்றிவிட்டது. நம்மவருக்குள் அது புழங்கட்டும், அதில் ஆணா பெண்ணா என்பதாவது தெரிகிறது. ஆனால் இங்கிலாந்து முதலிய தேசங்களுக்கு எழுதும்போது, படிப்பவர் ‘பிரதர்’ என்பதைக் கண்டு மயங்குவாராகையால் அதைத் தவிர்த்தல் வேண்டும்.

உத்தியோக பூர்வமான பாரங்களிலோ, ‘கஸின்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது, ‘பிரதர்’ என்று எழுதுவதோ பெரும் பிழை. இதை நான் பட்டறிந்தேன். எழுத்து வேலைக்கு நான் புதியவனாயிருந்த காலத்தில், உக்குவளைப் பக்கத்து அன்பர் ஒருவர், தம் அண்ணன் காலமானதையொட்டி அவருக்குச் சேரவேண்டிய பணம் சம்பந்தமாகச் சத்தியக் கடதாசி எழுதித் தரும்படி கேட்டார். அவர் சொன்ன ‘அண்ணன்’ என்னும் சொல்லை அப்படியே நம்பி ‘பிரதர்’ என்று எழுதிக் கொடுத்தேன். காரியாலயத்தில் இரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தகப்பன் பெயர் வேறு வேறாக இருந்தது. பொய்ச் சத்தியம் என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். இறந்தவர் பெரியப்பா மகன். அன்பர் பொய் சொல்லவில்லை. பெரியப்பா மகனை அண்ணன் என்னாமல் வேறென்ன என்பார்? நான்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைச் சரிசெய்ய அவர் நான்கு நாட் சம்பளத்தை இழந்து மாத்தளைக்கும் ஊருக்கும் அலைந்தார். அன்று முதல், எவர் வந்து அண்ணன், தம்பி, அக்காள் என்றாலும், “ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா?” என்று கேட்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை. எழுதும்போதும், ‘கஸின்’ என்று போட்டு, அதன்பின் ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்ஸ் ஸன்’ என்று, உறவு நடந்து வந்த வழியைப் படிப்படியாக எழுதிவிடுவதே பத்திரமான முறை. ஆங்கிலத்திலே சொல் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது.

அடுத்து, பலர் வழுக்கி விழும் படி ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் கஸின்’ என்றால் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். ‘செகண்ட் கஸின்’ என்றால் ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்த சமதலைமுறையினர். ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்பது இருவருக்கும் இடையே ஒரு தலைமுறை ஏற்றத்தாழ்வு உண்டு என்பதைக் குறிக்கும்: என் தந்தையின் ‘ஃபர்ஸ்ட் கஸின்’ எனக்கு ‘ஃபர்ஸ்ட் கஸின் வன்ஸ் ரிமூவ்ட்’. நாமோ ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்கையில் பக்கவாட்டில் எண்ணுகிறோம். அவர்கள் ‘ரிமூவ்ட்’ என்கையில் மேலும் கீழுமாக எண்ணுகிறார்கள். ‘ஒன்றுவிட்ட’ என்பதை ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்று பெயர்த்தவர், தம் அண்ணனைச் சித்தப்பா ஆக்கிவிட்டார் என்று அறிக. ஒன்றுவிட்ட அண்ணன் வெறும் ‘ஃபர்ஸ்ட் கஸின்’. இரண்டுவிட்ட அண்ணன் ‘செகண்ட் கஸின்’. தந்தையின் ‘கஸின்’ நமக்குச் சித்தப்பாவோ மாமாவோ ஆகையால், பேச்சில் அவரை அங்கிள் என்று விட்டுவிடலாம். ஆங்கிலேயரும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றனர்.

விவாகப் பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையின் 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விலக்கும் உறவுகளுள் ‘கஸின்’ எவரும் இல்லை; ஆனால் அக்காள் மகள், தங்கை மகள் ஆகியோரை அது விலக்குகிறது. தமிழ்நாட்டிலோ 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் வழக்காற்றை முன்னிட்டுத் தாய்மாமன் விவாகத்துக்கு இடம் கொடுக்கிறது. இருகரையிலும் சொந்தம் உள்ளவர்கள், அங்கே நடந்த வழக்கை இங்கே எதிர்பார்த்துப் பதிவாளர் முன்னிலையில் திகைத்து நிற்க வேண்டாம்.

கோப்பிக் காலத்திலே மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் மாத்தளைக்கு வந்தவர்கள், கங்காணியின் பின்னே அவருடைய சொந்தபந்தமாகவே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆகையால் ஒரு லயத்திலே பத்து அறை இருந்தால் பத்திலும் மாமனும் மச்சானும் பங்காளியுமாக இருந்தனர்; எவருக்கு எவர் என்ன முறை என்பதைக் கேட்டு அறிய வேண்டியதே இல்லாதிருந்தது. கடல் நடுவே வந்து, பிள்ளைகளின் மொழியும் மாறிய பிறகே நமக்கு இந்த அத்தியாயம் தேவைப்பட்டது.

அம்மையாரின் கடிதத்துக்குத் திரும்புவோம். நானே அவர் பெயரால் பதில் எழுதி, வருகிறவர் யார், எவ்வழி உறவு என்று ஆங்கிலத்தில் விளக்கமாகக் கேட்டேன். எட்டு நாளில் பதில் வந்தது: ‘கஸின் சிஸ்டர்’ என்று பிள்ளை தாராளமாக எழுதியிருந்தான். பெண் என்பது தெரிந்தது; முறை தெரியவில்லை. கடிதத்தின் கீழே ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அழைப்பைப் போட்டு அம்மையார் கையிலே கொடுத்தேன். அவர் நலம் விசாரித்த கையோடு, “அவ அம்மா ஒங்கப்பனுக்குக் கூடப் பொறந்தவளா? அக்காவா, தங்கச்சியா? இவளுக்கு வயசு என்னாச்சு?” என்று கேட்டார், மறுபக்கத்திலிருந்து உடைந்த தமிழில் விடை வந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டு, வாசலில் நின்ற பேத்தியைப் பார்த்து அவர் சொன்னார்: “ஒனக்கு அக்கா வாறா. ஒம் பாயிலேயே படுத்துக்கட்டும்.”